கேஸ்கெட்டில் இல்லாத துளைகள்

கார்வர் கிரீக், அயோவா
ஜூலை 14, 1986

மச்சான் அல்வினுக்கு,

வெண்டலா எழுதுகிறான் என்று அதிர்ச்சியில் கப்பலிலிருந்து ஏரிக்குள் விழுந்துவிடாதே. உன் தங்கைதான் எழுதச் சொன்னாள். லோரெட்டா நச்சரிக்காவிட்டால் நான் பேனாவையே தொட்டிருக்க மாட்டேன். இத்தனை வருஷம் என் பந்தயக் கார்களுக்கு இன்ஜின் கட்டிக் கொடுத்தவன், மார்ச் மாதம் ஒரு வார்த்தை சொல்லாமல் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், இரும்புத் தாது ஏற்றும் கப்பலில் எண்ணெய் போடுகிற வேலையில் சேர்ந்துகொண்டால், அவனுக்கு யார் கடிதம் போடுவார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்ஜினுக்கு மேல்மூடியாகப் போடுகிற அலுமினிய ஹெட் இரண்டும் வந்துவிட்டன. ஆமாம், நீ எதைப் பார்த்து "வெளிக் கம்பெனி சாமான், நம்பாதே, இன்ஜினோடு வந்த இரும்பு ஹெட்டே போதும்" என்றாயோ அதேதான். பெட்டியைப் பிரித்ததும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. பழையதைத் தூக்க இரண்டு கை வேண்டும், இடுப்பும் பிடித்துக்கொள்ளும். இதை ஒரே கையில் தூக்கிச் சமையலறைக்குக் கொண்டுபோய் லோரெட்டாவிடம் காட்டினேன். அவள் மாவு பிசைந்துகொண்டே "எடுத்துட்டுப் போ வெளியில" என்றாள்.

இப்போது இந்த ஹெட்டுக்கும் கீழே சிலிண்டர்கள் இருக்கிற பிளாக்குக்கும் நடுவில், ஒழுகாமல் அடைக்க எந்தக் கேஸ்கெட் தகட்டைப் போடுவது? கடைக்காரன் புத்தகத்தைத் திறந்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒன்று மெல்லிசு, ஒன்று தடிப்பு, ஒன்று செம்பு, ஒன்றில் வாய் சின்னது, ஒன்றில் பெரிது. ஹெட்டோடு வந்த தாளில் ஒரு நம்பர் போட்டிருக்கிறார்கள். அதையே போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். உன்னைக் கேட்கவில்லை, தகவலுக்குச் சொல்கிறேன். பிளாக்கைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம், அதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டேன்.

உன் அருமை மருமகள் ரோனியும் வந்து பார்த்தாள். தானியக் கிடங்கு பக்கத்தில் சொந்தமாக ஷெட் பிடித்து, சொந்தமாகக் கார் ஓட்டத் தொடங்கியதிலிருந்து அவளுக்கு வாய் நீண்டுவிட்டது. குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, "அப்பா, கீழ துளை இருக்கு, மேல ஹெட்டுல துளை இல்லையே, இந்தக் கேஸ்கெட்டு ஆகாது" என்றாள். பெற்ற மகள் எனக்குப் பாடம் எடுக்கிறாள். துளையும் இல்லை, தொளையும் இல்லை, உன் காரைப் போய்ப் பார் என்று அனுப்பிவிட்டேன்.

மாதம் முடிவதற்குள் இன்ஜினை மூட வேண்டும். ஆகஸ்ட் பதினேழு ஒரு பந்தயம், முப்பத்தொன்று ஐம்பது சுற்றுப் பெரிய பந்தயம். எழுதினால் எழுது.

வெண்டல்


கப்பலிலிருந்து, ஹ்யூரான் ஏரி
ஜூலை 24, 1986

மாப்பிள்ளை வெண்டலுக்கு,

டெட்ராய்ட்டில் தபால் படகு வந்து ஒட்டி நின்றது. கயிற்றில் கட்டிய வாளியில் கடிதங்கள் மேலே வந்தன. உன் கையெழுத்தைப் பார்த்ததும் லோரெட்டாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். பிரித்தால் கேஸ்கெட். நல்லவேளை.

ஒரு வார்த்தை சொல்லாமல் போனேன் என்கிறாய். போன செப்டம்பரில் பரிசு வாங்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தாயே, டயர்க்காரனுக்கு நன்றி சொன்னாய், வறுத்த பன்றிக்கறி ரொட்டி விற்ற அம்மாவுக்கு நன்றி சொன்னாய், வானம் மழை பெய்யாததற்கும் சொன்னாய். இன்ஜினைக் கட்டியவன் வேலிக்கு அந்தப் பக்கம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தேன், நீயாக ஒரு வார்த்தை சொல்வாய் என்று. நீ சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

கேட்கவில்லை என்று எழுதியிருந்தாலும் நீ கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். தாளில் உள்ள நம்பரே நம் பிளாக்குக்குச் சரி. அந்தக் கேஸ்கெட்டின் வாய் நம் சிலிண்டரைவிடக் கொஞ்சம் பெரிது, அதுதான் வேண்டும். வாய் சிறுத்தால் அதன் விளிம்பு சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டு, நெருப்பில் பழுத்துப் போகும். பழைய மெல்லிசுத் தகட்டை மட்டும் போட்டுவிடாதே. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும், ஒவ்வொரு முறையும் தகடு அதைக் கடித்துத் தின்றுவிடும். தடிப்பானதை வாங்கினால் அழுத்தம் குறைந்து வண்டி சோம்பும். இரண்டு முகத்தையும் துடை, நேர்க்கோல் வைத்துச் சமமாக இருக்கிறதா என்று பார், போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக முறுக்கு.

ரோனி சொன்னதைப் படித்துவிட்டு இன்ஜின் அறையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். நம் பிளாக்கில் ஏது துளை? ஆவி வெளியேறும் அந்தப் பொடித் துளைகள், நானூறு கன அங்குலப் பெரிய இன்ஜின் இருக்கிறதே, அந்த நானூறு பிளாக்கில்தான் உண்டு. எங்கேயோ அதைப் பார்த்துவிட்டுப் பாப்பா குழம்பியிருக்கிறது. துளை தேடியது போதும், அம்மாவிடம் போய்க் கோலாச் பன் சுடக் கற்றுக்கொள் என்று மாமா சொன்னதாகச் சொல்.

அல்வின்


கார்வர் கிரீக்
ஆகஸ்ட் 19, 1986

மச்சான்,

 நான் பெற்ற மகளே என் கழுத்தை அறுத்துவிட்டாள்.

முதலிலிருந்து சொல்கிறேன். உன் கடிதம் வந்தது. நீ சொன்னபடியே செய்தேன். ரோனியைக் கூப்பிட்டு, பட்டறையில் அத்தனை பேர் நிற்கும்போது, துளை, கோலாச், எல்லாவற்றையும் உரக்கப் படித்துக் காட்டினேன். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.  அவள் பிளாக்கை ஒருதடவை பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். மச்சான், அந்த நானூறு எப்படி இழுத்தது தெரியுமா! நீ வேண்டாம் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்ட நானூறுதான். பிப்ரவரியிலேயே வாங்கிக் களஞ்சியத்தில் வைக்கோலுக்கு அடியில் வைத்திருந்தேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. மூன்றாவது சுற்றிலேயே எல்லோரையும் தாண்டிவிட்டேன். கடைசிவரை ஒருத்தரும் கிட்டே வரவில்லை. ரோனி மட்டும் எப்படியோ கடைசி இரண்டு சுற்று என் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தாள், இரண்டாவதாக முடித்தாள்.

கொடியோடு மேடைக்கு முன் வந்து நிற்கிறேன். பந்தயம் நடத்துகிற நம் க்ளைட் வழக்கம்போல விதியைப் படித்தார். உனக்குத் தெரிந்ததுதான். பணமுள்ளவன் மட்டுமே ஜெயிக்கக் கூடாது என்று, ஜெயித்தவன் இன்ஜினை, கடைசிவரை சுற்று குறையாமல் ஓடிய யார் வேண்டுமானாலும் கேட்கலாம், தன் இன்ஜினைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு போகலாம் என்று நாமே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த விதி. மறுத்தால் அந்த வருஷம் ஓட முடியாது. ஊர்க்காரன் இன்ஜினை ஊர்க்காரன் கேட்பது அசிங்கம் என்பதால் இங்கே யாரும் அதைக் கேட்டதே இல்லை. எங்கிருந்தாவது வெளியூர்க்காரன் வந்தால்தான்.

அவர் படித்து முடிக்கவில்லை, ரோனி தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எனக்கு அப்பாவோட இன்ஜின் வேணும்."

 சோளம் சுடுகிறவன்கூடக் கையை நிறுத்திவிட்டான். க்ளைட் "ரோனி, யோசிச்சு சொல்லும்மா" என்றார். அவள் "யோசிச்சாச்சு" என்றாள்.  பார்வையாளர் வரிசையில் எழுந்து நின்ற லோரெட்டா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எல்லோர் கண்முன்னாலும் சங்கிலி போட்டுத் தூக்கி, என் நானூறை அவள் வண்டியில் ஏற்றினார்கள். நீ அவளுக்குக் கட்டிக் கொடுத்தாயே, அந்தப் பழைய இரும்பு ஹெட் இன்ஜின், அதை என் காருக்குள் இறக்கினார்கள். இந்த வருஷம் புள்ளியில் அவள்தான் முதலிடம். அதுவும் போதவில்லை, கோலாச்சுக்குப் பழி வாங்கிவிட்டாள். முப்பத்தொன்றாம் தேதி என் இன்ஜினை வைத்தே என்னை மண்ணைக் கவ்வ வைக்கப்போகிறாள். வாசலில் வந்து கதவைத் தட்டினாள், நான் திறக்கவில்லை. இனி திறக்கவும் மாட்டேன்.

நீயே சொல், எந்த ஊரில் நடக்கும் இது?

வெண்டல்


டுலூத் துறைமுகம்
ஆகஸ்ட் 26, 1986
அவசரத் தபால்

மாப்பிள்ளை,

நானூறா?

உட்கார்ந்திருந்தால் எழுந்து நில். படித்துவிட்டு உடனே ஓடு.

கரையில் இறங்கியதும் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆள் இல்லை. மாவட்டச் சந்தை வாரம், ஊரே அங்கேதான் கிடக்கும் என்று தெரியும். ரோனி ஷெட்டில் போன் கிடையாது. அதனால்தான் அவசரத் தபால். இது வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வராவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் சொன்ன கேஸ்கெட் நம் பழைய பிளாக்குக்கு. அதில்தான் நீ போடுகிறாய் என்று நினைத்து எழுதினேன். நானூறில் சிலிண்டர்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கும், நடுவில் தண்ணீர் ஓட வழி கிடையாது. அங்கே தண்ணீர் கொதித்து ஆவியாகும். அந்த ஆவி மேலே ஏறி வெளியேறத்தான் பிளாக்கில் அந்தப் பொடித் துளைகள். வெளிக் கம்பெனி ஹெட் பாதி பழைய பிளாக்குக்குச் செய்தவை, அவற்றில் துளை இருக்காது. நானூறில் வைப்பதானால் ஹெட்டிலும் அதே இடத்தில் துளை போட வேண்டும், நடுவில் துளையுள்ள நானூறு கேஸ்கெட்டையே வைக்க வேண்டும். நீ வைத்ததில் துளையும் இல்லை, வாயும் சின்னது. ஆவிக்கு வாசலை அடைத்துவிட்டு, கேஸ்கெட் விளிம்பை நெருப்புக்குள் நீட்டி வைத்திருக்கிறாய்.

சின்னப் பந்தயம் தாங்கும். தாங்கியதைப் பார்த்துவிட்டாய். ஐம்பது சுற்று தாங்காது. நடு இரண்டு சிலிண்டருக்கு இடையில் ஹெட் வளையும், கேஸ்கெட் கிழியும். கொதிக்கிற தண்ணீர் எங்கே வரும்? அந்தக் காரில் ஓட்டுகிறவர் கால் இன்ஜினை ஒட்டித்தானே இருக்கிறது? வெண்டல், அது பாப்பாவின் கால். கால் தப்பினாலும் பின் சக்கரத்துக்கு அடியில் தண்ணீர் போனால் வளைவில் கார் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

விதிப்படி கேட்டு எடுத்தவர் பாடு என்று மட்டும் நினைத்துவிடாதே. நீ நினைப்பாய், உன்னை எனக்குத் தெரியும். கதவைத் திற. காலில் விழவேண்டுமானாலும் விழு. அதை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

அவள் துளை என்றாளே, நான் சிரித்தேனே. அந்தப் பிளாக்கை அவள் பார்த்தாள், நான் பார்க்கவில்லை. 

அல்வின்


கார்வர் கிரீக்
செப்டம்பர் 2, 1986

மச்சான்,

முதலில் இதைப் படி: ரோனி நன்றாக இருக்கிறாள். கால் இரண்டும் இருக்கின்றன. இனி மூச்சு விட்டுக்கொண்டு மேலே படி.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. உன்னிடம் மறைத்து என்ன, படித்து முடித்ததும் எனக்குள் முதலில் வந்தது நீ சொன்ன அதே நினைப்புதான். கேட்டு எடுத்தாள், அவள் பாடு. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அப்புறம் அந்தக் கால் என்ற வார்த்தை கண்ணில் பட்டது. சின்ன வயதில் அவள் என் பூட்சுக்குள் காலை விட்டுக்கொண்டு பட்டறை முழுக்க நடப்பாளே, அது ஞாபகம் வந்தது. தொப்பிகூட எடுக்காமல் வண்டியை எடுத்தேன்.

ஷெட் கதவைத் தள்ளிக்கொண்டு போய், "அத ஸ்டார்ட் பண்ணாத!" என்று கத்தினேன்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள். "எத?" என்று கேட்டுவிட்டு ஸ்பேனரால் காட்டினாள். என் நானூறு தாங்கியில் நிற்கிறது. இரண்டு ஹெட்டும் கழற்றிப் பெஞ்சில் கிடக்கின்றன. கேஸ்கெட்டைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தாள். கிட்டே போய்ப் பார்த்தேன். நடு இரண்டு சிலிண்டருக்கு இடையில் கருகிப்போய், இரும்பு விளிம்பு நூலாக இளைத்திருந்தது. நகத்தால் தொட்டேன், உதிர்ந்தது. மச்சான், அங்கேயே ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்பக் கழட்டுன?"

"கேட்டு எடுத்த மறுநாளே."

"அப்ப தெரிஞ்சேதான் கேட்டியா?"

"பின்ன, உங்க இன்ஜின் மேல ஆசைப்பட்டா கேட்டேன்? கடைசி ரெண்டு சுத்து உங்க பின்னாடியே வந்தேன்ல. வளைவுல நீங்க காலெடுக்கறப்பல்லாம் வெள்ளப் புகை. ரேடியேட்டர் தண்ணி எரியற அந்த இனிப்பு வாட. முன்னாடி இருக்கற உங்களுக்குத் தெரியாது. அம்பது சுத்து ஓடுனா அது உங்க கால் மேல வெடிக்கும்ப்பா."

மாமா கடிதம் வேறு மாதிரி சொன்னதே, சந்தேகமே வரவில்லையா என்று கேட்டேன். மாமா பழைய பிளாக்கை நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார் என்று அன்றைக்கே புரிந்ததாம். நான் நானூறு வாங்கியதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டேன் என்பதும் அவளுக்குத் தெரியுமாம். அந்தக் கூட்டத்தில், அந்தச் சிரிப்பில், யாரிடம் சொல்வது என்றாள். லோரெட்டாவிடம் சொன்னால் அவள் என்னை இனிக் காரிலேயே ஏற விடமாட்டாள், பந்தயம் இல்லாமல் நான் செத்தே போவேன் என்று அதையும் செய்யவில்லை.

"வாசல்ல வந்து தட்டுனியே, அப்பவாவது கத்திச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க தொறக்கல. நான் சொன்னா நீங்க எப்பப்பா கேட்டிருக்கீங்க? விதி சொன்னா கேப்பீங்க. அதான் விதியப் புடிச்சேன்."

  அவள் பாதி ஆப்பிளை என்னிடம் நீட்டினாள். வாங்கித் தின்றேன்.

அப்புறம்தான் உறைத்தது, ஞாயிற்றுக்கிழமை ஓட அவளிடம் இன்ஜினே இல்லை. நானூறு கேஸ்கெட் வர ஒரு வாரமாம், ஹெட்டில் துளை போட இன்னும் ஒரு வாரம். புள்ளியில் முதலிடத்தில் இருக்கிறவள், ஓடுகிற நல்ல இன்ஜினை என் காருக்குள் இறக்கி அனுப்பிவிட்டு, வெறும் காரோடு உட்கார்ந்திருக்கிறாள். உன் இன்ஜினைத் திருப்பி எடுத்துக்கொள் என்றேன். பெரிய பந்தயம் முடியும்வரை மாற்றிக்கொள்ளக் கூடாது, அதுவும் விதி என்றாள். சரி, புள்ளி ஓட்டுகிறவருக்குத்தானே, காருக்கு இல்லையே, என் காரையே நீ ஓட்டு என்றேன். அவள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

ஓட்டினாள். நான் வேலிக்கு அந்தப் பக்கம், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ போன வருஷம் நின்ற இடம்தான் என்று நினைக்கிறேன். என் நீளத்துக்குப் போட்ட இருக்கை அது, முதுகுக்குப் பின்னால் லோரெட்டா இரண்டு தலையணையைத் திணித்து அனுப்பினாள். அப்படியும் பெடலுக்கு எட்டி எட்டி மிதித்து நாலாவதாக வந்தாள். பட்டம் கைவிட்டுப் போய்விட்டது. இரண்டே புள்ளி. ஒரு வருஷ உழைப்பு. இறங்கி வந்து, "தண்ணி சூடு ஏறவே இல்லப்பா, மாமா நல்லாக் கட்டியிருக்காரு" என்று மட்டும் சொன்னாள். அழவில்லை. நான்தான் அழுதேன், அதுவும் ஊர் முன்னால்.

பரிசு கொடுத்து முடித்ததும் நான் மேடைக்குப் போய் மைக்கைக் கேட்டு வாங்கினேன். நாலாவதாக வந்த காரின் இன்ஜின் என் மச்சான் அல்வின் கட்டியது, நாற்பத்துச் சொச்சம் பந்தயம் ஓடியும் ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று சொன்னேன். கை தட்டினார்கள். ரோனியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. க்ளைட் தோளைத் தட்டி மைக்கை வாங்கிக்கொண்டார். சொல்லவில்லை, மச்சான். அவள் அங்கேதான் நின்றாள், நான் சொல்லவில்லை.

வெண்டல்


கப்பலிலிருந்து, சுப்பீரியர் ஏரி
செப்டம்பர் 12, 1986

மாப்பிள்ளை,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இன்ஜின் அறை ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை செய்கிற பையன்கள் வீட்டில் சாவா என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

மைக்கில் என் பெயரைச் சொன்னாய். போன வருஷம் முழுக்க அதற்காகத்தான் ஏங்கினேன். இப்போது கிடைத்தது, வாங்கிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. பட்டறையில் நீ உரக்கப் படித்த கடிதம் நான் எழுதியது. சிரிப்பும் என்னுடையது. ரோனியின் ஒரு வருஷப் பட்டம் அதில் போய்விட்டது.

ஏரியில் ஐஸ் உறைவதற்கு முன் கப்பலைத் துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள், நவம்பர் கடைசியில் வருகிறேன். அதுவரை அந்த நானூறை நீ தொடாதே. ஹெட்டில் துளை எங்கே போடுவது, எந்தக் கேஸ்கெட், எவ்வளவு தடிப்பு, எல்லாம் பாப்பா முடிவு செய்யட்டும். நான் வந்து போல்ட் எடுத்துக் கொடுக்கிறேன்.

இப்போது ஒரு வேலை செய். அன்றைக்கு நின்ற அத்தனை பேரையும் பட்டறைக்குக் கூப்பிடு. சிரித்தவன் ஒருவன்கூடக் குறையக் கூடாது. ரோனியை நடுவில் நிற்கவை. அந்தக் கடிதத்தை எவ்வளவு சத்தமாகப் படித்தாயோ, அவ்வளவு சத்தமாக இந்தக் கீழ் வரிகளைப் படி. தொண்டை அடைத்தால் தண்ணீர் குடித்துவிட்டுப் படி.

பிளாக்கில் துளை இருந்தது. ரோனிதான் பார்த்தாள். அவள் சொன்னதுதான் சரி. அவளுடைய மாமா, இன்ஜினைப் பார்க்காமலேயே சிரித்தான்.

அல்வின்